புனிற்றுக் குழவியும் சவலைப் பிள்ளையும்: ஒரு படத்தின் முன்வரலாறு

ஆலுவாவிலும் கொச்சியின் பிற பகுதிகளிலும் பச்சிளங்குழந்தைகளைப் படமெடுப்பதையே தனித்தொழிலாகக் கொண்ட ஒளிப்படக்காரர்கள் இன்று இருக்கின்றனர். அவர்களிடம் பெற்றோர் விரும்பிக் கேட்கும் படங்களுள் ஒன்று எளிமையானதாகத் தோன்றும். இரண்டு அல்லது மூன்று வயதுள்ள மூத்த குழந்தை மெத்தென்ற விரிப்பில் படுத்திருக்கிறது. அதன் தோளில் தலைசாய்த்து, துணியில் இறுகச் சுற்றப்பட்ட புதுக்குழந்தை உறங்குகிறது. மூத்தது சிரிக்கிறது, அல்லது இளையதன் நெற்றியில் முத்தமிடுகிறது. சட்டகத்துக்குள் வேறு எவரும் இல்லை.

படமெடுத்த வேளையில் அங்கே வேறு சிலர் இருந்தனர். பிறந்து பத்து நாளான குழந்தைக்குக் கழுத்து நிற்காது. மூன்று வயதுப் பிள்ளைக்கோ அரை நிமிடத்துக்கு மேல் அசையாதிருக்க முடியாது. ஆகவே தாயோ உதவியாளரோ சட்டகத்தின் ஓரத்திலிருந்து கைநீட்டிக் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொள்கிறார். பிறகு கணினியில் அந்தக் கை அழிக்கப்படுகிறது. மூத்ததைத் தனியாகவும் இளையதைத் தனியாகவும் எடுத்து இரண்டையும் ஒட்டுவதும் உண்டு. குழந்தை தன் முகவாயை இரு கைகளில் ஊன்றிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும் படமும் இவ்வகையில் உருவாவதே. ஒரு படத்தில் தலையைப் பிடித்த கை, இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்த கை. இரண்டும் நீக்கப்பட்டபின் எஞ்சுவது, தலை நிற்காத பிள்ளையின் தலை நிற்கும் காட்சி.

இந்தத் தொழிலுக்கென்று ஒரு நாள்கணக்கு உண்டு. பிறந்த ஐந்தாம் நாள் முதல் பதினான்காம் நாள்வரை உகந்த காலம் என்பர். அதற்குள் குழந்தை ஆழ்ந்து உறங்கும். கருப்பையில் இருந்ததுபோல் உடல் சுருண்டு கொடுக்கும். கேரள வீடுகளிலும் ஒரு நாள்கணக்கு உண்டு. இந்துக் குடும்பங்கள் பலவற்றில் இருபத்தெட்டாம் நாள் அரையில் நூல் கட்டிப் பெயரிடும் சடங்கு நடக்கும். அதற்குப் பிறகே குழந்தை ஊராரின் கண்ணுக்கு உரியதாகும். முஸ்லிம் வீடுகளில் தாய்க்கும் சேய்க்கும் நாற்பது நாள் கணக்கு. இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்தால் ஒரு முரண் தெரியும். வீடு எந்த நாள்களில் குழந்தையை மறைத்து வைத்ததோ, அதே நாள்களில்தான் கேமரா அதைக் கேட்கிறது.

அந்த நாள்களுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: புனிறு. தொல்காப்பிய உரியியல் அதற்கு ஈன்றணிமை என்று பொருள் சொல்கிறது. ஈன்றமை அண்மையில் நிகழ்ந்தது என்ற காலப்பொருளோடு, அந்நிலையின் வாடையும் நொய்ம்மையும் அச்சொல்லில் கலந்திருக்கின்றன. நற்றிணையின் நாற்பதாம் பாட்டு ஒரு பேறுகால வீட்டைக் காட்டுகிறது. மனையில் மணி ஒலிக்கிறது. பாணர் காவல் இருக்கின்றனர். மகளிர் நற்சொல் கேட்க நிற்கின்றனர். வெண்சிறுகடுகும் நெய்யும் பூசிய தாய் கண்ணயர்கிறாள். புதல்வனோ தாயின் அருகில் இல்லை, புனிற்று வாடை வீசும் செவிலியோடு உறங்குகிறான். குழந்தையின் தந்தை நள்ளிரவில் திருடனைப்போல் வருகிறான். தலைவனின் புறத்தொழுக்கமே அவன் அவ்வாறு வருவதற்குக் காரணம் என்பது அகமரபு. எனினும் பிள்ளை பெற்ற வீட்டின் காட்சியாக மட்டும் படித்தால், இரண்டு செய்திகள் தெளிவாகக் கிடைக்கின்றன. புதுக்குழந்தையைக் காண்பது கட்டுக்காவலுக்கு உட்பட்டது. அதைத் தாங்குவது தாயல்லாத இன்னொருத்தியின் உடல்.

ஒளிப்படத்தின் முதல் நூற்றாண்டில் இந்த இரண்டும் வேறு உருவில் திரும்பி வந்தன. 1839-இல் டாகேர் முறை அறிவிக்கப்பட்டபோது வெளிச்சம் படவேண்டிய நேரம் நிமிடக்கணக்கில் இருந்தது. 1851-இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக்கண்ணாடி முறை அதை நொடிகளாகக் குறைத்தது. நொடிகள் கூடப் பச்சிளங்குழந்தைக்கு அதிகம். அதனால் ஐரோப்பிய, அமெரிக்க ஸ்டுடியோக்களில் தாய் நாற்காலிபோல் அமர்ந்து, தலைமுதல் கால்வரை துணியால் போர்த்திக்கொண்டு, மடியில் குழந்தையைப் பிடித்திருப்பாள். அச்சிட்ட பின்னும் அந்தத் துணிக்குவியலில் ஒரு தோளோ விரலோ தெரிந்துவிடும். இத்தாலியக் கலைஞர் லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் இத்தகைய படங்களில் ஏறத்தாழ ஆயிரத்தைத் தொகுத்து 2013 வெனிஸ் கலைவிழாவில் வைத்தபோது, 'மறைந்த தாய்' என்பது ஒரு படவகையின் பெயராகவே பரவியது. 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் முன்வைத்த உலர்தகட்டு முறை பின்னர் கடைகளுக்கு வந்ததும் துணிக்குத் தேவை குறைந்தது. இன்றைய கணினி அழிப்பான் அந்தத் துணியின் வழித்தோன்றல். முன்னதற்கு ஒரு நேர்மையாவது இருந்தது. அங்கே யாரோ இருக்கிறார் என்பதைப் போர்வையே காட்டிக்கொடுத்தது.

இந்தியாவில் போர்வை தேவைப்படவில்லை. ஆங்கிலேய அதிகாரிகளின் குழந்தைகளை வைத்து எடுத்த படங்களில் ஆயா வெளிப்படையாகவே அமர்ந்திருக்கிறார். மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் நாற்காலியைப் பிடித்தபடி மூத்தது. படத்தின் பின்புறம் குழந்தைகளின் பெயர்கள் இருக்கும். அவருக்கு 'ஆயா' என்ற சொல் மட்டும். முகம் மறைக்கப்படாமலே ஒருவரை மறைக்க முடியும் என்பதற்கு இக்குறிப்புகள் சான்று. அச்சொல்லின் பயணமும் கவனிக்கத்தக்கது. 1503-இல் கொச்சியில் கோட்டை எழுப்பிய போர்ச்சுகீசியரின் மொழியில் 'ஆயா' என்பது செவிலியை, குழந்தைகளைப் பேணும் பெண்ணைக் குறித்தது. அதுவே இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் பணிப்பெண்ணின் பெயராயிற்று. தமிழிலோ ஆய், ஆயி, ஆயாள் என்று தாயைக் குறிக்கும் சொற்கள் முன்பே இருந்தன. செட்டிநாட்டில் ஆயா என்றால் தாயைப் பெற்றவள். ஒலியால் ஒன்றான இரு சொற்களில் ஒன்று வீட்டின் மூத்தவள், மற்றொன்று வீட்டின் கூலியாள்.

தமிழ்க் குடும்பங்கள் தாமே காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படங்களில் பச்சிளங்குழந்தை ஏன் அரிது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்னாக்கம் செய்திருக்கிறது. குடும்பப் படங்களை ஆய்வுப்பொருளாகக் கருதும் பழக்கம் இங்கே வளர அத்தகைய முயற்சிகள் உதவின. எனினும் இக்கேள்விக்கு எந்த வீட்டின் பழைய ஆல்பமும் விடை சொல்லும். முதலில் வருவது, குப்புறப் படுத்துத் தலைதூக்கிப் பார்க்கும் நான்கைந்து மாதக் குழந்தை. உடம்பில் அரைஞாணும் கன்னத்தில் மைப்பொட்டும் மட்டும். அடுத்தது உட்கார்ந்த குழந்தை. அதன்பின், முடியிறக்குவதற்கு முன் பூவைத்துப் பின்னி, ஆண்பிள்ளைக்கும் பாவாடை கட்டி எடுத்தது. 'தலை நின்ற' பிறகே குழந்தை கேமராவின் முன் போயிற்று. தீட்டும் கண்ணேறும் பற்றிய அச்சம், ஸ்டுடியோ இருந்த ஊருக்கான தொலைவு, தகட்டின் விலை எனக் காரணங்கள் பல. அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தானிய இந்தியாவில் பதிவான கணக்கின்படி, ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இருநூறு ஓராண்டு நிறையுமுன் இறந்தன. பதிவாகாதவை வேறு. தங்குமா என்று தெரியாத உயிருக்குப் பெயரிடவே இருபத்தெட்டு நாள் காத்திருந்தவர்கள் படத்துக்கு அவசரப்பட்டிருக்க மாட்டார்கள்.

குடும்பங்கள் காத்திருந்த காலத்தில் அரசு காத்திருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பாலக்காட்டுத் தமிழரான எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி அரசுக்காக எழுதிய, கொச்சியின் குடிகளையும் சாதிகளையும் பற்றிய நூல் 1909-இலும் 1912-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. மட்டாஞ்சேரி கொச்சி அரசுக்குள் இருந்தது, ஆலுவா திருவிதாங்கூரில். அந்நூலின் குழுப்படங்களுக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் குடிப்பெயர்களும் சாதிப்பெயர்களும்தாம். ஆயாவுக்கு நேர்ந்தது அங்கே குடும்பங்களுக்கே நேர்ந்தது.

பச்சிளங்குழந்தையின் இன்மைக்கு இவ்வளவு காரணம் சொல்லிவிடலாம். பக்கத்தில் படுத்திருக்கும் மூத்த பிள்ளையின் கதை இதைவிடக் கடுமையானது. அதற்கும் தமிழில் ஒரு சொல் உண்டு: சவலை. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மீண்டும் கருவுற்று, இளையது பிறந்து, பால் இழந்து மெலிந்த பிள்ளையே சவலைப்பிள்ளை. யாப்பியலாரும் இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் இல்லாமல், அவ்வடி முச்சீராய்க் குறைந்து நிற்கும் பாட்டைச் சவலை வெண்பா என்றனர். ஊட்டம் குறைந்த பாட்டு என்பது கருத்து. ஒரு மொழி தன் செய்யுளின் குறையைச் சொல்ல இந்தப் பிள்ளையை உவமையாக எடுத்ததென்றால், அப்பிள்ளையை எல்லோரும் எத்தனை வீடுகளில் கண்டிருக்கவேண்டும்!

மேற்கு ஆப்பிரிக்காவின் கா மொழியிலும் இதற்கு நிகரான சொல் இருந்தது. அன்றைய கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கைகால் வீங்கித் தோல் உரிந்து முடி நிறம்மாறும் நோய் ஒன்றை 1933-இல் விவரித்தார். உள்ளூர்த் தாய்மாரிடம் அதற்குப் பெயர் கேட்டார். அவர்கள் சொன்ன 'குவாஷியோர்கர்' என்ற சொல்லையே 1935-இல் லான்செட் இதழில் நோயின் பெயராக எழுதினார். அடுத்தது பிறந்ததும் இடமிழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருள். உலக மருத்துவம் ஆய்வுக்கூடத்தில் கண்டறியுமுன், நோயின் காரணத்தில் பாதியைத் தாய்மார் சொல்லுக்குள் வைத்திருந்தனர். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும், அது ஐதராபாத்துக்கு மாறிய பின் அங்கும், இதே நோயைத் தென்னிந்தியப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தார். மரபான சொல்லாராய்ச்சியில் சவலை ஒரு உரிச்சொல் விளக்கத்தோடு முடிந்துவிடும். அதைக் குவாஷியோர்கரோடு சேர்த்துப் படிக்கும் கட்டுரைகள் தமிழில் பெருகவேண்டும்.

பாலை மறக்கடித்தல் என்ற தொடரும் இதன் அருகில் வைக்கத்தக்கது. தமிழ்நாட்டில் வேப்பெண்ணெயும் கேரளத்தில் சென்னிநாயகம் என்னும் கசப்புப் பொருளும் முலைக்காம்பில் தடவப்பட்டன. பிள்ளை தானாக முகம் திருப்பிக்கொள்ளும். மறப்பது பிள்ளையின் வினை, மறக்கடிப்பது பெரியவர்களின் வினை. பிறவினை விகுதி ஒன்றில் அந்த நிகழ்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. இரண்டாம் பிரசவத்தின்போது மூத்ததைப் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ விடுவது வழக்கம். திரும்பி வந்து பார்க்கும்போது தன் இடத்தில் இன்னொன்று கிடக்கும். இன்றைய படத்தில் முத்தமிடும் மூன்று வயதுப் பிள்ளை வரலாற்றில் நின்ற இடம் இது.

அப்படியானால் இந்தப் படம் எப்போது இயலக்கூடியதாயிற்று? கேமராவின் வேகம் மட்டும் விடையாகாது. ஆலுவா உள்ளிட்ட எறணாகுளம் மாவட்டமே இதில் ஒரு திருப்பத்தைக் கண்ட இடம். 1970-இன் இறுதியில் மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் ஆண்களுக்கான குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை முகாம் ஒன்றை நடத்தினார். 1971 ஜூலையில் எறணாகுளம் டவுன் ஹாலில் நடந்த அடுத்த முகாமில் ஒரே மாதத்தில் 63 ஆயிரத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன, பெரும்பாலானவை ஆண்களுக்கு. பணமும் பொருளும் ஊக்கமாகத் தரப்பட்டன. உலக அளவில் பேசப்பட்ட இம்முகாமை வெற்றிக்கதையாக மட்டும் எழுதுவது எளிது. கூலிக்காரருக்கு அந்த ஊக்கத்தொகை எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்ற கேள்வி அன்றே இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில் பிற மாநிலங்களில் முகாம் என்ற சொல்லே அச்சமூட்டுவதாயிற்று.

அதே ஆண்டுகளில் சிவப்பு முக்கோணத்தோடு சுவர்களிலும் பேருந்துகளிலும் ஒரு படம் வந்தது: தந்தை, தாய், மகன், மகள் என நான்கு முகங்கள். முதலில் இரண்டோ மூன்றோ போதும் என்றவர்கள் பின்னர் நாம் இருவர் நமக்கு இருவர் என்றனர். குழந்தைகளைச் சோடியாகப் பார்க்கும் பார்வை இச்சுவர்களிலிருந்தும் வீட்டுக்குள் வந்தது. அதற்கு முந்தைய கூட்டுக்குடும்பப் படத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் உயரவரிசையில் நிற்பர். கடைக்குட்டி யாருடைய மடியிலோ கலங்கலாக இருக்கும். மூத்தது ஒன்று, இளையது ஒன்று, அவ்வளவே குடும்பம் என்ற சட்டகம் அங்கே பொருந்தாது. கேரளத்தின் பிறப்பு வீதம் 1988-ஐ ஒட்டியும் தமிழ்நாட்டினது 1993-ஐ ஒட்டியும் பதிலீட்டு அளவுக்கு இறங்கின. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஓராண்டு நிறையுமுன் இறக்கும் குழந்தைகள் 2020 கணக்கில் ஆயிரத்துக்குக் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, இந்தியா முழுவதற்கும் 28. பத்து நாள் குழந்தையைப் படமெடுக்கத் துணியும் மனம் இந்த எண்களின்மேல் நிற்கிறது. மூத்தது சவலையாகாமல் கொழுகொழுவென்று பக்கத்தில் படுத்திருப்பதும் அப்படித்தான்.

உறவுச்சொற்களிலும் இந்தச் சுருக்கம் தெரிகிறது. தமிழில் வயதையும் பாலையும் சொல்லாமல் உடன்பிறந்த ஒருவரை அழைக்க வழியில்லை. உடன்பிறப்பு என்ற சொல் உண்டு; அது வீட்டில் புழங்கவில்லை, கட்சி மடலில் புழங்கியது. மலையாளத்தில் சேட்டன், சேச்சி, அனியன், அனியத்தி. முஸ்லிம் வீடுகளில் இக்கா, இத்தா. அதோடு பெரியம்மா மகனும் சித்தப்பா மகனும் அண்ணனே, தம்பியே. 1871-இல் லூயிஸ் ஹென்றி மார்கன் தம் உறவுமுறை ஆய்வில் தமிழுக்குத் தனியிடம் தந்ததற்கு இந்த அமைப்பே காரணம். ஒரு வீட்டில் புதுக்குழந்தை வந்தபோது அதற்கு ஏற்கெனவே பத்து அண்ணன்மார் இருந்தனர். மூன்று வயதுப் பிள்ளை ஒன்றே அந்தப் பதவியைத் தனியாகச் சுமக்கவேண்டியிருக்கவில்லை. இன்றைய ஸ்டுடியோ அதற்கு அணிவிக்கும் பனியனில் 'பிக் பிரதர்' என்று அச்சிட்டிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த அடைமொழி தேவை. அண்ணன் என்ற சொல்லுக்குள் மூத்தவன் என்பது ஏற்கெனவே இருப்பதால் அத்தொடரைத் தமிழாக்கிப் பனியனில் போட்டால் கூறியது கூறலாகும்.

இவ்வகைப் படங்களின் தோற்றம் பெரிதும் ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெட்டிஸ் 1996-இல் வெளியிட்ட, பூக்களும் காய்களுமாகக் குழந்தைகளை ஒப்பனை செய்த நூல் உலகெங்கும் பரவியது. ஆனால் வந்த இடத்தில் பழைய வழக்கம் ஒரேயடியாக விலகிவிடவில்லை. ஸ்டுடியோக்காரர் கேமராவோடு வீட்டுக்கே வருகிறார். தாய் வாசலைத் தாண்டுவதில்லை. படம் எடுத்தாயிற்று, இருபத்தெட்டுக்குப் பிறகே வெளியிடுவோம் என்று பாட்டியோடு உடன்படிக்கை ஏற்படுகிறது. வெளியிடும்போதும் இளையதன் முகத்தின்மேல் ஓர் இதயச் சின்னத்தையோ பூவையோ ஒட்டிவிடுகின்றனர். கண்மையால் கன்னத்தில் இட்ட பொட்டு முகத்தின் அழகில் ஒரு குறையை வைத்துக் கண்ணேற்றைத் திருப்பியது. திரைமேல் ஒட்டும் இந்தப் பொட்டு முகத்தையே விழுங்கிவிடுகிறது. மூத்ததன் முகத்துக்கு அத்தகைய காப்பு பெரும்பாலும் கிடையாது. அது தலை நின்ற பிள்ளை.

ஸ்டுடியோக்கள் குடும்பத்துக்குத் தருவது செப்பனிட்டு முடித்த படங்களை. ஒட்டுவதற்கு முந்தைய அசல் கோப்புகளைத் தரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அவற்றில் இளையதன் தலைக்கடியில் தாயின் உள்ளங்கை இருக்கும். பக்கத்தில் உதவியாளரின் முழங்கை, கேமராவின் மேலே கிலுகிலுப்பையை ஆட்டும் இன்னொருவரின் நிழல். மூத்த பிள்ளை கேமராவைப் பாராமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களும் அவற்றுள் உண்டு. வன்தட்டில் இடம் வேண்டிச் சில மாதங்களில் அவை நீக்கப்படுகின்றன.